யூரின் டியூபுடன் வீடு திரும்பும் முதியவர்: புதிதாகப் பார்த்துக்கொள்வோருக்கு

பெரியவர் ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் தரப்படும் தாள்களில் மாத்திரைகளின் பெயர்கள் வேளைவாரியாக எழுதப்பட்டிருக்கும். தொடையோரம் தொங்கும் யூரின் டியூபைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும், சில தாள்களில் அதுவும் இராது. சேலம் நகரத்திலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் படுக்கையில் இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று டியூப் மாற்றிவரும் செவிலியர் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குப் பின்னால் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். நான் செல்லும் வீடுகளில் பலரும் பையில் விழும் சிறுநீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியதோ, அது ஓடுகிறதா என்பதையும், படுத்திருப்பவர் நேற்று இருந்தபடி இன்றும் இருக்கிறாரா என்பதையும்தான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உடலுக்குள் இருப்பதும் பை, கட்டிலில் தொங்குவதும் பை. "பை நிறைஞ்சு போச்சு சிஸ்டர்" என்று போனில் ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்குவதில்லை. ஒன்று அவசரம், மற்றொன்று இரண்டு நிமிட வேலை. ஆகவே உள்ளே இருப்பதைச் சிறுநீர்ப்பை என்றும், வெளியே தொங்குவதை யூரின் பை என்றும் இக்கட்டுரை முழுவதும் சொல்கிறேன்; வெறுமனே பை என்று வந்தாலும் அது யூரின் பைதான். போனில் பேசும்போது நீங்கள் இந்த இரண்டு பெயர்களையே சொல்லுங்கள்.

டியூபின் முழுப்பெயர் ஃபோலி கதீட்டர். ஃபிரடெரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் 1930-களில் உருவாக்கிய வடிவம் இன்றும் அடிப்படையில் மாறவில்லை. டியூபின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலூன் இருக்கிறது. டியூப் சிறுநீர்ப்பைக்குள் போனபின் அந்தப் பலூனில் வழக்கமாக 10 மில்லி சுத்திகரித்த நீரை ஏற்றுவார்கள். அந்த நீர்க் குமிழிதான் டியூப் நழுவி வெளியே வராமல் தாங்குகிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்தப் பலூனை நினைவில் வைத்திருந்தாலே புரிந்துவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

வார்டை விட்டு இறங்குவதற்கு முன்பே டாக்டரிடமோ ஸ்டாஃப் நர்ஸிடமோ கேட்டு எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. டியூப் எதற்காகப் போடப்பட்டது என்பது முதல் கேள்வி. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டதா, பக்கவாதத்தில் சிறுநீர்ப்பை சுருங்கும் திறனை இழந்ததா, நாட்பட்ட சர்க்கரை நோயில் நரம்பு செயலிழந்ததா, இடுப்பு எலும்பு முறிந்து அசைய முடியாமல் போனதா என்று காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். இவற்றுள் சில காரணங்கள் சில வாரங்களில் தீர்ந்துவிடுகின்றன; டியூப் மட்டும் யாரும் கேட்காததால் அப்படியே இருந்துவிடுகிறது. இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் வாக்கரில் நடமாடத் தொடங்கி இரண்டு மாதமான ஒரு பாட்டி, ஒரு கையில் யூரின் பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை ஏன் எடுக்கவில்லை என்று வீட்டாருக்கும் தெரியவில்லை, பாட்டிக்கும் தெரியவில்லை. எனவே "எப்போது எடுக்கலாம், அல்லது எடுத்துப் பார்க்கலாம்?" என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள். படுக்கை நனைகிறது என்பது மட்டுமே காரணமாக இருந்தால், ஆண்களுக்கு ஆணுறைபோல வெளியே மாட்டும் கதீட்டரோ, மற்றவர்களுக்கு டயப்பரோ போதுமா என்றும் கேட்கலாம். உள்ளே குழாய் இல்லாத ஏற்பாடு எதுவாயினும் அது உள்ளே குழாய் உள்ள ஏற்பாட்டைவிட ஆபத்து குறைந்தது.

அடுத்து, டியூப் போட்ட தேதி, அதன் அளவு, எதனால் ஆனது, பலூனில் எத்தனை மில்லி என்ற நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 14, 16 என்று சொல்லப்படும் அளவு டியூபின் பருமனைக் குறிக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பலூனுக்கு நீர் ஏற்றும் சிறு வாயில் 14-க்குப் பச்சை வளையமும் 16-க்கு ஆரஞ்சு வளையமும் இருக்கும் என்பதால், தாள் தொலைந்தாலும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் நிற லேட்டெக்ஸ் டியூபை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மாற்றுவது வழக்கம். முழுக்கச் சிலிகானால் ஆன, கண்ணாடிபோலத் தெரியும் டியூப் பன்னிரண்டு வாரம் வரை தாங்கக்கூடியது. பூச்சு மட்டும் சிலிகானாக உள்ள லேட்டெக்ஸ் டியூபைச் சிலர் "சிலிகான் டியூப்" என்றே விற்கிறார்கள். உறையில் உள்ளதை வாசித்து வாங்குங்கள்.

பை எங்கே தொங்க வேண்டும்

சிறுநீர் தானாக மேலேறாது. யூரின் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; ஆனால் தரையைத் தொடக்கூடாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த விதி நம் வீடுகளில்தான் சிக்கலாகிறது, ஏனென்றால் வயதானவர்களில் பலர் இன்றும் பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள். தரையில் படுத்தவருக்குக் கீழே பையைத் தொங்கவிட இடமே இல்லை. அவர் பக்கத்திலேயே பையைக் கிடத்தினால் சிறுநீர் தேங்கும், பையிலிருந்து உள்ளே திரும்பும், கிருமியும் உடன் செல்லும். டியூப் இருக்கும் காலம் வரையாவது அவரைக் கட்டிலுக்கு மாற்றுங்கள். கயிற்றுக் கட்டிலானாலும் சரி, அதன் சட்டத்தில் பையைக் கொக்கியிட்டுத் தொங்கவிடலாம். ஆட்டோவில் கூட்டிச்செல்லும்போது பையை மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும்: கிளம்புமுன் பையைக் காலி செய்து, கால் பக்கம் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டியூபைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டிவைப்பது அலங்காரத்துக்கு அன்று. ஒட்டாத டியூப் ஒவ்வொரு புரளலுக்கும் இழுபடும். உள்ளேயிருக்கும் பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தில் உரசும். மாதக்கணக்கில் இழுபட்டால் ஆண்களுக்கு ஆண்குறியின் கீழ்ப்புறம் சிறிது சிறிதாக அறுபட்டுப் பிளந்தே போகும். பெண்களுக்குச் சிறுநீர்த் துளை விரிந்து, எந்த அளவு டியூபும் நிற்காத நிலை வரும். பெண்களுக்குத் தொடையின் உட்புறத்திலும், ஆண்களுக்குத் தொடையின் மேற்பகுதியிலோ அடிவயிற்றிலோ, சற்றுத் தளர்வு விட்டு ஒட்டுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றினால் தோல் புண்ணாகாது.

யூரின் பை பாதிக்கு மேல் நிறைவதற்குள் காலி செய்யுங்கள். நிறைந்த பை இரண்டு கிலோ கனத்தில் டியூபை இழுக்கும். காலி செய்யும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பையின் அடிக்குழாய் வாளியையோ மக்கையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபும் பையும் சேரும் இணைப்பை, பை மாற்றும் நாளைத் தவிர வேறு எதற்காகவும் கழற்றாதீர்கள். கிருமி நுழைவதற்கு அதைவிடச் சுலபமான வாசல் இல்லை.

அன்றாடச் சுத்தம்

குளிக்கும்போது சாதாரணச் சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டால், பவுடர், மஞ்சள் விழுது எதுவும் வேண்டாம். எண்ணெய் அறவே வேண்டாம், அது லேட்டெக்ஸை நலித்துவிடும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். டியூபைத் துடைக்கும்போது உடலின் பக்கமிருந்து வெளிநோக்கித் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியபின், அதை மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பின்னுக்குத் தள்ளியபடி விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் முன்தோல் வளையம்போல இறுகி, மொட்டு வீங்கி, அவசர சிகிச்சையில் போய் நிற்கும். பேச முடியாத பக்கவாத நோயாளி வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டார்.

தண்ணீர் குடிப்பதற்கு அளவு, இதயமும் சிறுநீரகமும் நலமாக இருப்பவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். மற்றவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவு. வாழைத்தண்டுச் சாறும் பார்லிக் கஞ்சியும் நீராகாரம் என்ற அளவில் நல்லவை, அடைத்த டியூபை அவை திறக்கமாட்டா. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்தானது. மலச்சிக்கலை வளரவிடாதீர்கள், இறுகிய மலம் பக்கத்திலிருந்து அழுத்தியே டியூப் அடைத்த வீடுகள் உண்டு.

கலங்கிய சிறுநீரும் உண்மையான தொற்றும்

டியூப் போட்ட ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி குடியேறிவிடும். இது கவனக்குறைவால் நேர்வதன்று. எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும் நேரும். எனவே காய்ச்சலும் மற்ற தொந்தரவும் இல்லாத ஒருவரின் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினால், கிருமி இருக்கிறது என்றுதான் முடிவு வரும். அந்தத் தாளைப் பார்த்துப் பயந்து ஆன்டிபயாடிக் தொடங்கினால் கிருமி சில நாள் ஒதுங்கிவிட்டு, அந்த மருந்துக்குப் பணியாத வகையாகத் திரும்பி வரும். பிறகு உண்மையிலேயே தொற்று வரும்போது கொடுக்க மாத்திரை மிஞ்சாது, ஊசி மருந்துதான். சிறுநீர் கலங்குவது, கொஞ்சம் நாறுவது, சிறு வெண்துகள் மிதப்பது ஆகியவற்றுக்காக மட்டும் மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்குவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன்.

நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நெசவுக் குடும்பம் ஒன்றில், நாட்பட்ட மலச்சிக்கலோடு படுத்திருந்த மூதாட்டியின் யூரின் பை ஒரே இரவில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்று மருமகள் அழுதார். சாயப்பட்டறையில் வேலை பார்த்த மகன் மட்டும் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அவுரி நீலம் மாதிரியில்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. குடலில் தங்கிய உணவுப் புரதத்தின் ஒரு கூறு சிறுநீரில் வந்து, அங்கே குடியேறிய சில கிருமிகளால் சிதைந்து, அவுரியில் உள்ள அதே நீலமாகவும் அதனோடு ஒரு சிவப்பாகவும் மாறி, பையின் பிளாஸ்டிக்கில் படிந்துவிடுகிறது. பார்க்கப் பயங்கரம், நிறத்தால் மட்டும் தீங்கில்லை. மலச்சிக்கலைச் சரிசெய்து, டியூபையும் பையையும் மாற்றியதும் நிறம் போய்விட்டது.

உண்மையான தொற்றின் அடையாளங்கள் ஆளிடம் தெரியும். குளிரோடு நடுக்கம், காய்ச்சல், விலாப்பக்க முதுகில் வலி, வாந்தி, அடிவயிற்றில் புதிய வலி ஆகியவை அவற்றுள் அடங்கும். எண்பதைத் தாண்டியவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயும் போகலாம். உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. நேற்றுவரை பேரனின் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று மாற்றிச் சொல்வது, சாப்பாட்டைத் திடீரென ஒதுக்குவது, எந்நேரமும் தூங்கிவழிவது, சுவரைப் பார்த்துப் பேசுவது என்று மனத்தெளிவு ஒரே நாளில் குலைந்தால், வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, சிறுநீர் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதாக இருந்தால், அதை மாற்றிவிட்டுப் புது டியூபிலிருந்துதான் எடுக்க வேண்டும், யூரின் பையிலிருந்து பிடித்துக் கொடுக்கக்கூடாது. பையில் இருப்பது பழைய கிருமிகளின் சந்தை.

ஓட்டம் நின்றால்

நீராகாரம் வழக்கம்போல் போயும் இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் ஒரு சொட்டும் கூடவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். டியூப் எங்கேனும் மடிந்திருக்கிறதா, தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, பை மேலேறி இருக்கிறதா என்று உடலிலிருந்து பை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். அவரை ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்கவையுங்கள். நுனித் துளை சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டியிருந்தால் விடுபடும். பின் அடிவயிற்றில் கையை வையுங்கள். தொப்புளுக்குக் கீழே பந்துபோல இறுகிப் புடைத்திருந்தாலோ, தொட்டால் அவர் முகம் சுளித்தாலோ, அது சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதன் அடையாளம். டியூபை உடனே மாற்ற வேண்டும். வீட்டிலேயே சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி அடித்துப் பார்க்காதீர்கள்.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் டியூபின் உட்புறம் படியும் மாவுபோன்ற படிவு. போர்வெல் தண்ணீரின் உப்பினாலா என்று சேலத்தில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. குழாய்முனையில் வெள்ளை பூத்திருப்பதைத் தினமும் பார்க்கும் ஊருக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனாலும் காரணம் வேறு. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, சிறுநீரைக் காரமாக்குகின்றன. காரம் ஏறியதும் அதில் கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாகின்றன. மாற்றிய டியூபை நீளவாக்கில் கிழித்துக் காட்டினால், நம்மூர் மாக்னசைட் சுரங்கத்து வெள்ளைக்கல்லைப் பொடித்து அடைத்ததுபோல் இருக்கும். கைக்குப் பரபரவென்று ஒட்டும். இதே படிவு சிறுநீர்ப்பைக்குள் திரண்டால் கல்லாகிவிடும். ஒருவருக்கு அடிக்கடி அடைத்தால் ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். நோட்டுப் புத்தகத்தில் எத்தனையாவது நாளில் அடைத்தது என்று எழுதிவாருங்கள். மூன்று முறை தொடர்ந்து பதினெட்டாம் நாளை ஒட்டி அடைத்திருந்தால், அவருக்கு மாற்றும் நாள் பதினைந்து. டியூபின் உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரமேறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் எஸ்டேட் பகுதிகளில் உண்டு. இவர்களில் நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு டியூப் அடைத்தால் வயிற்றுவலி தெரியாது. பதிலாகத் தலை வெடிப்பதுபோன்ற வலி, முகச்சிவப்பு, வியர்வை, ஏறிய இரத்த அழுத்தம் ஆகியவை தோன்றும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, டியூப் மடிப்பைப் பார்த்து, 108-ஐ அழையுங்கள். இதில் ஒரு மணி நேரம் காத்திருக்கவும் இடமில்லை.

ஒழுகுதல், இரத்தம், பிடுங்குதல்

டியூபைச் சுற்றி ஒழுகினால் பெரிய டியூப் போட்டுவிடலாம் என்று தோன்றும், அது தவறு. முதலில் அடைப்பைப் பாருங்கள். ஓட்டம் சரியாக இருந்தும் ஒழுகினால், பலூன் உறுத்துவதால் சிறுநீர்ப்பை வெட்டி இழுக்கிறது என்று பொருள். மலச்சிக்கலும் அதைத் தூண்டும். அதற்கு மருந்து உண்டு, சில வேளைகளில் சிறிய டியூபே தீர்வாகும். மாற்றிய அன்று இளஞ்சிவப்பாகச் சிறிது வருவது அடங்கிவிடும். கட்டியோடு கருஞ்சிவப்பாக வந்தால், குறிப்பாக ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு, மருத்துவமனைதான்.

மனத்தடுமாற்றத்தில் பெரியவரே டியூபை உருவிவிடுவது உண்டு. ஊதிய பலூன் அப்படியே வெளியே வருவதால் வழியெல்லாம் கிழிந்து இரத்தம் வரும். பதறி மீண்டும் உள்ளே செலுத்த முயலாதீர்கள். வெளியே வந்த டியூபைத் தூக்கிப் போடாமல் கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நுனியோ பலூன் துண்டோ உள்ளே தங்கிவிட்டதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். கையைக் கட்டிப்போடுவதைவிட, வேட்டிக்குள் டியூப் கண்ணில் படாமல் மறைத்துவைப்பது எனக்குத் தெரிந்தவரை நன்றாகப் பலிக்கிறது. சிலருக்குச் சிறுநீர்த் துளை வழியாக இல்லாமல் அடிவயிற்றில் துளையிட்டு டியூப் போட்டிருப்பார்கள்; அது நழுவினால் இன்னும் அவசரம். அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும்.

மாற்றும் நாளும் மலைப்பாதையும்

டியூப் மாற்றுவதைப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். பலூன் நீர் சிரிஞ்சில் திரும்பவில்லை என்றால் டியூபைக் கத்திரிக்கவோ இழுக்கவோ கூடாது, அது டாக்டரின் வேலை. படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையை வீட்டிலேயே பெற வழியுண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, டியூப் மாற்ற யார், எந்த நாளில் வருவார்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு மேலே உள்ள கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிறைந்த சிறுநீர்ப்பையோடு இறங்குவது என்ன வேதனை என்பதை, மழைநாள் இரவில் ஒரு தோட்டத் தொழிலாளியோடு ஜீப்பில் வந்தபோது பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார். மாற்றும் தேதி மழைக்காலத்தில் வந்தால் இரண்டு நாள் முன்னதாகவே, பகலில் முடித்துவிடுங்கள். அதே அளவில் ஒரு புது டியூபும் பையும் வீட்டில் இருக்கட்டும். நர்ஸ் வரும்போது பொருள் இல்லாமல் திரும்பக்கூடாது.

டியூபை எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால், புராஸ்டேட் நோயாளிக்குச் சில நாள் முன்னதாக மாத்திரை கொடுத்துவிட்டு எடுப்பார்கள். அதற்காக டியூபை அவ்வப்போது கிளிப் போட்டு மூடிப் பழக்க வேண்டியதில்லை. காலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அன்று வழக்கமான அளவு நீராகாரம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு போனார் என்று மக்கில் அளந்து நோட்டில் எழுதுங்கள். போகவே இல்லை, அல்லது சொட்டுச் சொட்டாகப் போய் அடிவயிறு புடைக்கிறது என்றால், மாலை வெளிச்சம் இருக்கும்போதே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.